வெட்டும் முன் வாளி

வெயில் காலத்துக்குக் குழந்தைக்கு வீட்டிலேயே பருத்தி கவுன் தைக்கப் போகிறீர்களா? கத்திரியை எடுக்கும் முன் வாளியை எடுங்கள். தறியில் இழுபட்டு விறைப்பாக நின்ற நூல், தண்ணீர் பட்டதும் தளர்ந்து சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் கவுன் தங்கச்சிக்குத்தான்! புதுத்துணியை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்கள். அம்மாவின் பழைய வாயில் புடவை என்றால் இந்த வேலையே இல்லை. சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கியிருக்கும். மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர் ஊசி போதும். 16 போட்டால் ஓட்டை தெரியும். கழுத்துக்கும் கை வளைவுக்கும் வைத்துத் தைக்கும் பட்டியை மட்டும் 45 டிகிரி சாய்வில், கிராஸாக வெட்டுங்கள். நேராக வெட்டிய பட்டி வளைவில் படியாமல் முரண்டு பிடிக்கும்.