திரை இல்லாத நிரலில் பிழை தேடும் கருவிகள்

கைபேசியில் அழைத்தால் தோட்டத்து மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று விவசாயிகளுக்குப் பழகிய பொருள். பெட்டிக்குள் சிம் கார்டு, மோடம், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காண்டாக்டர், இவற்றை ஆளும் மைக்ரோகண்ட்ரோலர் ஆகியவை இருக்கும். அதில் ஓடும் நிரலுக்குத் திரை கிடையாது. பிழை வந்தால், மோட்டார் ஓடவில்லை என்பது மட்டுமே வெளியே தெரியும். உள்ளே நடப்பதை அறியத் தனிக் கருவிகள் தேவை.

எளிய வழி சீரியல் போர்ட். நிரல் தான் கடக்கும் இடங்களை வரிவரியாக அனுப்ப, மடிக்கணினியில் படிக்கலாம். ஆனால் நொடிக்கு 1,15,200 பிட் வேகத்திலும் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 87 மைக்ரோ நொடி செலவாகும். நேரத்தைச் சார்ந்த பிழை இந்தத் தாமதத்திலேயே மறைந்துவிடக்கூடும்.

அடுத்தது ஜேடேக். போர்டின் பற்றவைப்புகளைச் சோதிக்க உருவாகி, 1990இல் ஐஇஇஇ 1149.1 என்ற தரமானது. பின்னர் அதே கம்பிகள் வழியே சிப்பின் ரெஜிஸ்டர்களைப் படிக்கவும், குறித்த வரியில் நிரலை நிறுத்தவும் வழி பிறந்தது. ஆர்ம் சிப்புகளில் இரண்டே கம்பிகள் போதும். சென்னை ஐஐடியின் 'சக்தி' செயலியிலும் ஜேடேக் வழியே ஓப்பன்ஓசிடி, ஜிடிபி என்ற மென்பொருள்களைக் கொண்டு பிழை தேடலாம்.

நிறுத்திப் பார்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு. நிரல் நின்றாலும் காண்டாக்டர் விடாது, மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் அணைக்க வேண்டிய நிரலோ அசையாமல் நிற்கும். எனவே ஓடும் இயந்திரத்தை ஓடவிட்டே கவனிக்கும் கருவிகள்தான் களத்தில் மதிப்புமிக்கவை.

லாஜிக் அனலைசர் பல கம்பிகளின் 0, 1 மாற்றங்களை ஒரே நேரத்தில் பதியும். மோடத்துக்குப் போன கட்டளையையும் வந்த பதிலையும் அடுத்தடுத்துக் காட்டும். மின்னழுத்தத்தின் வடிவத்தைக் காண ஆசிலோஸ்கோப் வேண்டும்.

அழைப்பு வரும்போதெல்லாம் ஸ்டார்ட்டர் ரீசெட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பழி முதலில் நிரல்மீதுதான் விழும். ஆசிலோஸ்கோப்பின் ஒரு முனையை மின் வழங்கலிலும், மற்றொன்றை ரீசெட் காலிலும் வைத்தால் விஷயம் விளங்கும். 2ஜி மோடம் 4.6 மில்லி நொடிக்கு ஒருமுறை, 0.58 மில்லி நொடி நேரம் அலை அனுப்பும். அப்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும். மின்னழுத்தம் அந்தக் கணத்தில் சரிய, சிப் தன்னைக் காத்துக்கொள்ள ரீசெட் ஆகும். மல்டிமீட்டர் சராசரியைக் காட்டுவதால் இந்தச் சரிவு அதற்குப் பிடிபடாது. காரணம் இதுவானால், மோடத்தின் பக்கத்தில் பெரிய கெபாசிட்டர் ஒன்றைச் சேர்ப்பதுதான் முதல் வேலை; நிரலைத் தொட வேண்டியதில்லை.