பிறப்பிடமும் வதிவிடமும்

பத்திரிகை நாட்டின் கண்ணாடி என்பது பழகிப்போன கூற்று. கண்ணாடி எதிரே நிற்பவரைக் காட்டும். ஆயின், பத்திரிகையின் எந்தப் பக்கத்தில் அதனை வாசிப்போரின் முகம் தெரிகின்றது என்பதே ஆராயத்தக்கது.

1841ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திலே தொடங்கிய உதயதாரகையும், 1889இல் சைவர் தொடங்கிய இந்து சாதனமும் வாசகர் எதனை நம்புதல் வேண்டும் என வழிகாட்ட முயன்றவை. அவற்றிற் பெரிதும் புலப்படுவது நடத்தியோரின் நோக்கமே. வீரகேசரி (1930), தினகரன் (1932), ஈழநாடு (1959) எனப் பின்னர் எழுந்தவற்றிலும் தலையங்கம் ஆசிரியருடையது, செய்தி நிருபருடையது. வாசகர் தாமே எழுதித் தம் பொருளைக் கொடுத்து அச்சிடுவிக்கும் பகுதியோ விளம்பரப் பக்கமாகும்.

மணமக்கள் தேவை என்னும் பகுதியைப் பாருங்கள். சாதியும் சீதனமும் ஒழிதல் வேண்டுமெனத் தலையங்கம் முழங்கும் அதே இதழில், குலம், சாதகம், செவ்வாய்க் குற்றம், உத்தியோகம் ஆகியவை வரிசையாய் நிற்கும். மேடையிற் கைதட்டியவரும் மகளுக்கு வரன் தேடும்போது வேறொருவராகி விடுகின்றார். இம்முரண்பாட்டை எந்தச் சொற்பொழிவும் இத்துணை வெளிப்படையாக எடுத்துரைப்பதில்லை.

மரண அறிவித்தல் இதனினும் ஆழமானது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்றே அது தொடங்கும். இறந்தவரின் பெயர் அதன் பின்னரே வரும். அடுத்து இறந்த நாள் வரும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். அவ்விலக்கணத்தைக் கல்லாதாரும், தம் வீட்டில் ஓர் உயிர் பிரிந்த வேளையில், அறியாமலே நிலத்தை முன்வைத்து எழுதுகின்றனர். மனிதன் யாரென்னும் வினாவிற்கு ஊரே முதல் விடை என்பது நம்மவர் உள்ளக்கிடக்கை.

அவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்தால் நமது வரலாறு விளங்கும். ஒருகாலத்தில் அத்தூரம் ஊருக்கும் உத்தியோகம் பார்த்த கொழும்புக்கும் இடைப்பட்டது. அல்லது இரண்டும் ஒரே ஊர். 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின் பின்னர் அது கடல் கடந்தது. வதிவிடம் இலண்டன் ஆயிற்று, பாரிஸ் ஆயிற்று, ரொறன்ரோ ஆயிற்று. பிள்ளைகளின் பெயர்களை அடுத்து அடைப்புக்குறிக்குள் ஒவ்வொரு நாடு வந்து அமர்ந்தது. 1990இல் வடக்கினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பலருக்குப் புத்தளம் வதிவிடமாயிற்று. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் பெயர்ந்தோர் பலருக்கு வதிவிடம் எதுவென்று சொல்லுதலே அரிதாயிற்று. பிறப்பிடம் மட்டும் மாறவில்லை. திரும்பி வர இயலாதவரும் இறுதி வரியில் ஊருக்குத் திரும்பினர்.

எனினும் இக்கண்ணாடி எல்லாரையும் காட்டுவதன்று. அறிவித்தலுக்குக் கட்டணம் உண்டு. தேயிலை மலையில் முதுகு வளைந்து உழைத்து மாய்ந்தவளுக்கும், குடிசையில் இறந்த கூலிக்கும் அங்கே இடம் கிடைத்தல் அரிது. எவர் பெயர் அச்சேறவில்லை என்பதும் வாசிக்குஞ் சமுதாயத்தைப் பற்றிய ஒரு செய்தியே.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏடுகளோடு பத்திரிகைத் தொகுதிகளும் சாம்பராயின. ஈழநாடு பணிமனையும் அந்நாட்களில் எரியூட்டப்பட்டது. எஞ்சியவை வீட்டுப் பரண்களிலே கிடக்கின்றன. ஆசிரியர்களும் மாணவர்களும் அவற்றைச் சரை சுற்றக் கொடுக்குமுன் விளம்பரப் பக்கத்தை ஒருமுறை வாசிப்பாராக. எந்நூலிலும் எழுதப்படாத ஊர்களின் கதை அங்கே சிற்றெழுத்தில் இருக்கின்றது.