பேரன் பனியனில் ஒரு சொல்

ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தம் ஓயாத எங்கள் வீட்டுக்குச் சென்ற மாதம் பேரன் புது பனியன் போட்டுக்கொண்டு வந்தான். நெஞ்சில் ஆங்கிலத்தில் ஒரே சொல்: ‘ரஹ்மேனியாக்’. அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

“இல்லை தாத்தா, ஏ.ஆர்.ரஹ்மான் ரசிகர்களுக்கு அதுதான் பேர்” என்றான்.

மேனியாக் என்றால் பைத்தியக்காரன். பைத்தியம் என்று பிள்ளை தானே எழுதி மாட்டிக்கொண்டு வந்தால் எனக்குச் சுருக்கென்று இருக்காதா? ஆனாலும் ரயில்வேயில் எதையும் கழற்றிப் பார்த்தே பழகிய கை. சொல்லையும் கழற்றினேன்.

‘ரஹ்மான்’ அரபுச் சொல். அருளாளன் என்று பொருள். ‘மேனியா’ கிரேக்கம், வெறி. இரண்டையும் பிணைப்பது நடுவிலுள்ள மூன்று ஆங்கில எழுத்துகள். முன் சொல்லின் வாலும் அவைதான், பின் சொல்லின் தலையும் அவைதான். அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சேர்ந்து போகுமிடத்தில் நான்கு தண்டவாளம் தேவையில்லை, மூன்று போதும். ஒன்று இரு வண்டிக்கும் பொது. அதே வேலைதான் இது. நன்னூல் சொல்லும் தாப்பிசைப் பொருள்கோளும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. அங்கே நடுவில் நிற்கும் சொல் முன்னும் பின்னும் சென்று பொருள் தரும்.

1992-இல் ‘ரோஜா’ வந்த பின்னரே பிறந்திருக்கக்கூடிய சொல். ஆனால் வம்சம் பழையது. பியானோ மேதை லிஸ்ட்டுக்காகப் பாரிஸ் ரசிகர்கள் கிறங்கியதை 1844-இல் ஜெர்மன் கவிஞர் ஹைனே ‘லிஸ்ட்டோமேனியா’ என்றார். 1963-இல் இங்கிலாந்துப் பத்திரிகைகள் ‘பீட்டில்மேனியா’ என்றன. நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? எம்.கே.தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944-இல் வெளியாகிச் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அக்காலத்து வாலிபர்கள் முடி வளர்த்து வைத்துக்கொண்டது ‘பாகவதர் கிராப்’. என் தகப்பனாரும் அதில் ஒருவர். பாட்டனார் என்ன சொல்லித் திட்டியிருப்பார் என்று ஊகிக்கலாம்.

திட்டு என்றும் முழுதாகச் சொல்வதற்கில்லை. சுந்தரர் தம் முதல் பதிகத்தில் சிவபெருமானையே பித்தன் என்றுதான் விளிக்கிறார்.

பேரனுக்குப் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான். ரஹ்மான் பாட்டு வரிகளைத் தானே படிக்க வேண்டும் என்பதற்காகவே என்னிடம் தமிழ் எழுத்து கற்கிறான். பனியன் சொல்லைத் தமிழில் எழுதித் தரச் சொன்னான். ‘ரஹ்மானியாக்’ என்று எழுதினேன். உச்சரிப்பு அதுவல்லவே என்று ‘மா’வை அடித்து ‘மே’ போட்டேன்.

விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவன் நிமிர்ந்தான்.

“தாத்தா, இப்ப ரஹ்மான் காணாமப் போயிட்டாரே!”