நரியின் ஊளையும் அதன் ஆயுளும்

கீழ்வகுப்பு மாணாக்கர் மரபுச் சொற்களைப் பயிலும்போது, "நாய் குரைக்கும், நரி ஊளையிடும்" என மனனஞ் செய்வது வழக்கம். பரீட்சையில் இவை இடம் மாறினால் புள்ளி போய்விடும். ஆயினும் இம்மரபு மொழிக்கு உரியதேயன்றி இயற்கைக்கு முற்றும் உரியதன்று. அவுஸ்திரேலியாவில் வாழும் டிங்கோ என்னும் காட்டு நாயே இதற்குச் சான்று. 3,000 ஆண்டுகளுக்கு முன்னரே கடலோடிகளுடன் ஆசியாவிலிருந்து அக்கண்டம் புகுந்த நாய்களின் வழித்தோன்றல் அது. நாயாகப் பிறந்தும் அது குரைப்பது அரிது. அபாயங் கண்டவிடத்துச் சுருக்கமாக ஒருமுறை இருமுறை குரைப்பதோடு சரி. சேய்மையிலுள்ள தன் கூட்டத்தாருடன் உறவாட அது கையாள்வது ஊளையையே. காட்டில் அதன் வாழ்நாள் பெரும்பாலும் 10 ஆண்டினை எட்டுவதில்லை.

டிங்கோவின் உறவினமொன்று நம் நாட்டிலும் உண்டு. இலங்கையில் ஓநாய் இல்லை, செந்நாயும் இல்லை. நாய்க்குடும்பத்துக் காட்டுவிலங்கு இத்தீவில் ஒன்றே. அதனை நாம் நரி என்கிறோம். சிங்களவர் நரியா என்பர். தமிழகத்தார் குள்ளநரி எனவும் வழங்குவர். ஈசாப்பின் கதையிலே திராட்சைப்பழம் புளிக்கும் என்று சொல்லிப்போன விலங்கு இதுவன்று. மொழிபெயர்த்தோர் இரண்டிற்கும் ஒரே பெயரைச் சூட்டியதால், ஐரோப்பிய விலங்கின் வஞ்சகம் முழுவதும் நம் நரியின் தலையில் ஏறிவிட்டது.

கண்டி நகரின் வாகன இரைச்சலில் நரியின் குரல் அமிழ்ந்துபோகும். மலைநாட்டில் அதனைக் கேட்க விரும்புவோர் தேயிலைமலைகளும் காடும் சந்திக்கும் சாரல்களிலே, பொழுது சாயும் வேளையிற் செவிசாய்த்தல் வேண்டும். முதலில் இரண்டு மூன்று தாழ்ந்த ஒலிகள் எழும். பின்னர் நீண்ட ஓலம் படிப்படியாக மேலேறி, இறுதியிற் குறுங்குரல்களாக உடைந்து முடியும். ஒன்று தொடங்கினால் அயலிலுள்ளவை உடன் சேரும். முதிர்ந்தவை நின்றவாறும் இளையவை அமர்ந்தவாறும் ஊளையிடுதல் அவதானிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றும் வெவ்வேறு சுருதியிற் குரலெழுப்புவதால், இரண்டு மூன்று நரிகளே பெருங்கூட்டம்போலத் தோன்றும். மாணிக்கவாசகர் வரலாற்றிலே, பரிகள் நள்ளிரவில் நரிகளாக மாறி மதுரையைக் கலக்கிய செய்தியைக் கேட்டறிந்தோர்க்கு அவ்வாரவாரத்தைக் கற்பனை செய்தல் கடினமன்று.

இவ்வூளையைச் சாவுக்குறியென அஞ்சுவோர் இன்றும் உளர். உண்மையில் அது ஒரு குடும்பத்தின் வரவு கூப்பிடுதல் போன்றது. ஆணும் பெண்ணும் நெடுங்காலம் இணைபிரியாது வாழ்ந்து, தமக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளும். இரைதேடிப் பிரிந்தவை ஒன்றையொன்று அறியவும், எல்லையை அயலார்க்கு உணர்த்தவும் ஊளை பயன்படுகின்றது. இந்தியக் காடுகளிற் புலியின் அணுக்கத்தை உணர்ந்த நரி, இதனின் முற்றும் வேறான அச்சக்குரலை எழுப்புவதாக வேட்டைக்காரர் குறித்துள்ளனர். ஆகவே நரி ஊளை மட்டுமே இடும் என்பதும் முழு உண்மையன்று. அது குரைக்கவும் உறுமவும் செய்யும்.

ஊளையோடு பிணைந்த இன்னொரு நம்பிக்கை நரிக்கொம்பு. கூட்டத்தின் தலைமை நரிக்கு மண்டையிற் சிறு கொம்பொன்று உண்டென்றும், அதனை வைத்திருப்போர்க்கு நினைத்தது கைகூடும் என்றும் கூறுவர். 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் இந்நம்பிக்கையைத் தம் நூலிற் பதிவு செய்துள்ளார். வழக்கில் வெற்றி தரும் என்று நம்பினராம். இக்காலத்து வழக்காளர் சட்டத்தரணியையே நம்புதல் நன்று. நரியினத்திற்குக் கொம்பு இயல்பாக இல்லை. சந்தையில் விலைபோவன பெரும்பாலும் தோலும் மயிரும் சேர்த்துச் செய்த போலிகளே. எனினும் அப்பொய்க்காக உண்மையான நரிகள் மடிகின்றன.

கொல்வோர் இல்லாவிடினும் நரியின் வாழ்நாள் நீண்டதன்று. காட்டில் 8 அல்லது 9 ஆண்டுகள். கூட்டில் வைத்துப் பேணினால் 16 ஆண்டு வரை. ஏறக்குறைய 63 நாட் கருவுற்றுப் பெண்நரி வளையிற் குட்டிகளை ஈனும். தந்தையும் இரை கொணர்ந்து ஊட்டும்; முன்னைய ஈற்றுக் குட்டிகளுட் சில பிரிந்து போகாது தம்பி தங்கையரைக் காத்து நிற்கும். இத்துணைக் காவலிருந்தும் முதலாண்டிலேயே பல குட்டிகள் மாண்டுபோகும். நரி வாழ்வின் கடினமான பகுதி அதுவே.

பிழைத்தவற்றை வீதியும் நோயும் காத்திருக்கின்றன. நோய்களுள் நீர்வெறுப்பு நோயே கொடியது. தடுப்பூசி பெறாத ஊர்நாயிலிருந்து நரிக்கும், நரியிலிருந்து நாய்க்கும் அது கடத்தப்படும். இந்நோயில் தொண்டைத் தசைகள் செயலிழத்தலால் குரலே மாறிவிடும்; இனத்தோடு சேர்ந்து பாடிய விலங்கு தனித்துக் கரகரத்த ஒலி எழுப்பும், அல்லது ஊமையாகும். மனிதரைக் கண்டு ஓடும் இயல்புடைய நரி பட்டப்பகலில் லயத்து வாசலுக்கு அச்சமின்றி வருமாயின், அது பழகிவிட்டதென எண்ணிப் பிள்ளைகளை அருகே விடுதல் பெரும் பிழை. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். நோயின் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுதல் ஏறக்குறைய இயலாத காரியம். மஞ்சளும் மந்திரமும் தேடி ஒருநாளைப் போக்குவோர் இழப்பது அந்த ஒருநாளை மட்டுமன்று.