உடைக்கப் போகும் கப்பலும் உங்க பழைய பாலிசியும்: இரண்டுக்கும் ஒரே கணக்குதான்!



"ஏழு வருஷமா பிரீமியம் கட்டிட்டேன். இப்போ நிறுத்தினா கட்டின பணம் எல்லாம் வீணாயிடுமே?" நம்ம சேனல்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது. இதுக்கான பதிலை இன்னைக்கு கப்பல் உடைக்கிற தொழில்ல இருந்து பார்க்கலாம்.

குஜராத்தில் பாவ்நகர் மாவட்டத்தில் இருக்கு அலங் கடற்கரை. 1983-ல் இருந்து இங்கே பழைய கப்பல்களை உடைக்கிறாங்க. அந்தப் பக்கம் கடல் ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் உள்ள வித்தியாசம் ரொம்ப அதிகம். அதனால தண்ணி ஏறும் நேரம் பார்த்து கப்பலை வேகமா ஓட்டிட்டு வந்து கரையில் ஏத்திடுவாங்க. தண்ணி வடிஞ்சதும் கேஸ் கட்டரை வெச்சு துண்டு துண்டா வெட்டுவாங்க. இரும்புத் தகடு மில்லுக்குப் போய் கட்டடக் கம்பியாகும். கட்டில், சோபா, பாத்திரம் எல்லாம் ரோட்டோரக் கடைகளுக்குப் போயிடும்.

விலை எப்படிப் போடுறாங்க?

கப்பலை எத்தனை கோடிக்குக் கட்டினீங்கன்னு இங்கே யாரும் கேட்க மாட்டாங்க. சரக்கு, எரிபொருள் எதுவும் இல்லாத வெறும் கப்பலோட எடை என்ன, இன்னைக்கு டன் என்ன ரேட், இதான் முக்கியம். 10,000 டன், டன்னுக்கு 400 டாலர்னு வெச்சுக்கிட்டா 40 லட்சம் டாலர்.

ஐஎன்எஸ் விராட் ஞாபகம் இருக்கா? 1987-ல் இருந்து 2017 வரைக்கும் நம்ம கடற்படையில் இருந்த விமானந்தாங்கிக் கப்பல். மியூசியம் ஆக்கணும்னு பலர் ஆசைப்பட்டாங்க. ஆனா 2020 ஏலத்தில் 38.54 கோடி ரூபாய்க்குப் போய், அலங்கில்தான் உடைஞ்சது. பெருமைக்கும் பாசத்துக்கும் எடை கிடையாது.

எப்போ உடைக்கணும்?

கப்பலுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய பரிசோதனை உண்டு. பழைய கப்பல்னா ரிப்பேர் செலவும் சேர்ந்து பில் எகிறும். அப்போ முதலாளி கேட்கிற கேள்வி ரெண்டே ரெண்டு:

1. இனிமே செலவு பண்ணி ஓட்டினா எவ்வளவு வரும்?
2. இன்னைக்கே வித்தா எவ்வளவு கிடைக்கும்?

2020 கொரோனா சமயத்தில் சுற்றுலா நின்னதும், கார்னிவல் நிறுவனம் சில சொகுசுக் கப்பல்களை துருக்கியில் இருக்கும் அலியாகாவுக்கு உடைக்க அனுப்பிடுச்சு. அடுத்த வருஷம் கன்டெய்னர் வாடகை தாறுமாறா ஏறினப்போ, வயசான கன்டெய்னர் கப்பலைக்கூட பெரும்பாலும் உடைக்கலை, ஓட்டிச் சம்பாதிச்சாங்க. ரெண்டு முடிவிலும் 'அன்னைக்கு எவ்வளவு போட்டு வாங்கினோம்' என்பது கணக்கிலேயே இல்லை.

இப்போ உங்க பாலிசிக்கு வாங்க

ஒரு உதாரணம். 20 வருஷ பாலிசி, வருஷம் 50,000 பிரீமியம். 7 வருஷம் கட்டியாச்சு, மொத்தம் 3.5 லட்சம். இப்போ சரண்டர் பண்ணினா 2 லட்சம்தான் கிடைக்கும்னு வெச்சுக்கோங்க. இதுதான் உங்க 'ஸ்கிராப் ரேட்'. "1.5 லட்சம் போச்சே"ன்னு மனசு அடிச்சுக்கும். ஆனா அந்தப் பணம் நீங்க கண்டினியூ பண்ணினாலும் திரும்பி வராது.

அந்த 2 லட்சத்தையும், மீதி 13 வருஷம் கட்ட வேண்டிய 50,000-ஐயும் வரி போக 7% தரும் முதலீட்டில் போட்டா, முடிவில் சுமார் 15.6 லட்சம் வரும். பாலிசி முதிர்வில் 13 லட்சம்தான்னா வெளியே வர்றது லாபம். 17 லட்சம் தரும்னா பேசாம கட்டிட்டு இருங்க. ரெண்டுக்கும் நடுவில் 'பெய்ட்-அப்' வழியும் இருக்கு, அதையும் கேட்டுப் பாருங்க.

அவசரப்பட்டு உடைக்காதீங்க

கப்பலுக்குள்ளே ஆஸ்பெஸ்டாஸ், கழிவு எண்ணெய், தீப்பிடிக்கிற வாயு எல்லாம் இருக்கும். என்ன எங்கே இருக்குன்னு தெரியாம வெட்டினா தொழிலாளி உயிருக்கே ஆபத்து. அலங்கில் அந்த வேலைக்கு வர்றவங்க பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா பக்கத்து ஆட்கள். நல்ல ரேட் கிடைச்சாலும் அதுக்குப் பின்னாடி அவங்க உடம்பு இருக்கு. அதனாலதான் ஆபத்தான பொருட்களின் பட்டியலைக் கட்டாயமாக்கும் ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26-ல் நடைமுறைக்கு வந்தது.

நீங்களும் அதே மாதிரி முதல்ல பட்டியல் போடுங்க. அந்தப் பாலிசிக்குள்ளே உங்க குடும்பத்துக்கான ஆயுள் காப்பீடும் இருக்கு. முதல்ல ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்து, அது கைக்கு வந்த பிறகு மட்டும் பழசை சரண்டர் பண்ணுங்க.

இந்த வாரமே உங்க பாலிசியோட சரண்டர் வேல்யூ எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க. கணக்குப் போட்டதில் என்ன வந்ததுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!