ஜப்பானியப் பாட்டுக்கு மாத்திரைக் கணக்கு

எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் சாகுபுரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கம் கடல் கடந்து போய் வேலை பார்க்கும் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப் போனவர் பாட்டுக் கட்டினால் பெரும்பாலும் ஊரை நினைத்து உருகுவார். ஆனால் வெளிநாட்டு வாசம் நம்பிக்கைப் பாட்டையும் தரும். ஜப்பானில் அதற்குப் பேர்பெற்ற சாட்சி ஒன்று உண்டு.

1988இல் பாடலாசிரியர் யசுஷி அகிமோட்டோ நியூயார்க்கில் குடியிருந்தார். அங்கே கண்ணெதிரே ஓடிய ஈஸ்ட் ரிவரைப் பார்த்து எழுதியதுதான் 'கவா நோ நகரே நோ யோ நி', அதாவது 'ஆற்றின் ஓட்டத்தைப் போல'. (ஈஸ்ட் ரிவர் பேருக்குத்தான் ஆறு. உண்மையில் அது கடல்நீர் ஏறி இறங்கும் நீரிணை.) அகிரா மிடாகே இசையமைக்க, ஹிபாரி மிசோரா பாடி 1989 ஜனவரியில் தனிப்பாடல் இசைத்தட்டாக வெளிவந்தது. அதே ஆண்டு ஜூனில், 52 வயதில், மிசோரா காலமானார்.

நம்பிக்கைப் பாட்டு என்றதும் 'வெல்வோம், எழுவோம்' என்று முழங்கும் என நினைக்க வேண்டாம். பாதை கரடுமுரடுதான் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, ஆற்றோடு போவோம் என்கிறது. நமக்கு இது புதிதா? கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாட்டில் ஆற்று நீர் இழுத்த வழியே போகும் தெப்பம் இருக்கிறதே! என்னைக் கேட்டால், முழக்கத்தைவிட இந்த வகை நம்பிக்கைதான் நாள்பட நிற்கும்.

இனி பாட்டுக் கட்டும் நுட்பம். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஜப்பானியத்திலும் பாட்டு இப்படி ஒரு கால அளவையில்தான் நடக்கிறது. ஆனால் அங்கே அரைக் கணக்கு கிடையாது. ஜப்பானின் பெயரை அவர்கள் மொழியில் 'நிப்பொன்' என்று சொல்லிப் பாருங்கள். நம் கணக்கில் நி ஒன்று, ப் அரை, பொ ஒன்று, ன் அரை, ஆக மூன்று. ஜப்பானியருக்கு அந்த 'ப்'பில் நிற்கும் நிறுத்தமும் ஒன்று, கடைசி 'ன்'னும் ஒன்று, ஆக நான்கு. மரபான மெட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சுரம் வைப்பது வழக்கம். அதனால் ஒரு வரியில் அதிகப் பொருளை அடைக்க முடியாது. சொல்லைச் சுருக்கித்தான் ஆகவேண்டும். இன்றைய பாப் பாட்டுகள் ஒரே சுரத்தில் இரண்டு மூன்றைத் திணிப்பதும் உண்டு.

இன்னொரு சிக்கல், குரலின் ஏற்ற இறக்கம். தோக்கியோ பேச்சில் 'அமே' மேலிருந்து கீழே இறங்கினால் மழை. கீழிருந்து மேலே ஏறினால் மிட்டாய். மெட்டு இதற்கு எதிராக ஓடினால் கேட்பவர் சற்றுத் தடுமாறுவார்.

மெட்டில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. மேற்கத்திய மேஜர் ஸ்கேலில் நான்காவதையும் ஏழாவதையும் விட்ட ஐந்து சுர வரிசை ஜப்பானியத் திரைப்பாட்டிலும் மெல்லிசையிலும் நெடுங்காலம் புழங்கியது. ச ரி க ப த. நம் மோகன ராகத்தின் சுரங்கள்தாம். அதில் சோகம் ஒட்டாது என்பதில்லை. ஆனால் தெம்பான பாட்டுக்கு அது தானாக வளைந்து கொடுக்கும்.

வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதிலும், வேற்றுமை உருபு சொல்லின் பின்னால் ஒட்டுவதிலும் இரண்டு மொழியும் ஒன்று. ஆகவே ஜப்பானியம் படிக்கும் தூத்துக்குடிப் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை. புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியை வைத்தே இரண்டு வரி எழுதிப் பாருங்கள். மெட்டில் ஏற்றுமுன் கைதட்டி எண்ணுங்கள். 'நிப்பொன்'னுக்கு நாலு தட்டு விழாவிட்டால் வரி உட்காராது.