ஒரு பெற்றோருடன் குடிபெயரும் பிள்ளையும் மற்றவரின் ஒப்புதலும்: புதுச்சேரி

தாய், தந்தை இருவரில் ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வெளிநாட்டில் குடியேறும்போது, ஊரிலேயே தங்கிவிடுபவர் எழுத்தில் தரும் சம்மதம் பெற்றோர் ஒப்புதல் எனப்படும். மற்ற ஊர்களில் எப்போதாவது எழும் இந்தக் கேள்வி, புதுச்சேரியில் அடிக்கடி எழுகிறது. அதற்குக் காரணம் வரலாறு.

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆறு மாதத்துக்குள் விருப்பம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள முடிந்தது. பிரெஞ்சுச் சட்டப்படி பெற்றோரில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை உடையவராக இருந்தாலே பிள்ளைக்கும் அது உண்டு. ஆகவே ஒரே வீட்டில் கணவரிடம் ஒரு நாட்டுக் கடவுச்சீட்டும் மனைவியிடம் இன்னொரு நாட்டுக் கடவுச்சீட்டும் இருப்பது இங்கே வியப்பான செய்தி அல்ல. கணவன் மனைவி ஒற்றுமையாக இருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை. பிரிந்தால், பிள்ளை யாருடன், எந்த நாட்டில் என்ற கேள்வி வருகிறது.

முதலில் கடவுச்சீட்டு. 18 வயது நிரம்பாதவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு பெற, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி (இணைப்பு ‘டி’) தர வேண்டும். ஒருவர் கையெழுத்திட மறுத்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, விண்ணப்பிக்கும் பெற்றோர் காரணத்தைச் சொல்லி, பொறுப்பைத் தாமே ஏற்று, இணைப்பு ‘சி’ என்ற உறுதிமொழியைத் தரலாம். கைவிடப்பட்ட தாய்மார் பலருக்கு இந்த வழி தெரிவதில்லை. ஆனால் வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதை மறைத்து இதில் கையெழுத்திடக் கூடாது. கடவுச்சீட்டு கிடைத்துவிட்டதாலேயே பிள்ளையை நிரந்தரமாக அழைத்துச் செல்லும் உரிமை வந்துவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது விசா. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ள பிள்ளை பிரான்சுக்குள் நுழைய விசா தேவையில்லை. இந்தியக் குடியுரிமை மட்டும் உள்ள பிள்ளைக்குத் தேவை. ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் சிறாருக்காகப் பெற்றோர் அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட வேண்டும். கனடாவும் ஆஸ்திரேலியாவும் உடன் செல்லாத பெற்றோரின் சம்மதத்துக்கெனத் தனிப் படிவமே வைத்திருக்கின்றன.

சம்மதக் கடிதம் எழுதுவோர் பெரும்பாலும் ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. எந்த நாடு, விடுமுறைக்கா நிரந்தரமாகவா, பிள்ளை யாருடன் தங்கும், எந்த விடுமுறையில் திரும்பி வரும், படிப்புச் செலவு யாருடையது என்பவை அனைத்தும் அதில் இருக்க வேண்டும். கோடை விடுமுறைக்குக் கொடுத்த கடிதத்தைக் குடியேற்றத்துக்குக் கொடுத்ததாகக் காட்டுவதே பிற்காலத்தில் பெரிய சண்டையாகிறது. கடிதம் நோட்டரி முன் கையெழுத்தாக வேண்டும். பிரான்சில் காட்டுவதற்கென்றால் அப்போஸ்டில் முத்திரையும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் கேட்கப்படலாம். சம்மதம் தருவதால் தாய், தந்தை என்ற உரிமை போய்விடாது. இந்த அச்சத்தாலேயே கையெழுத்திட மறுப்பவர்கள் உண்டு.

யாருடைய கையெழுத்து செல்லும்? இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டு இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையை முதலிலும் ‘அவருக்குப் பின்’ தாயையும் இயற்கைக் காப்பாளராகச் சொல்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், ‘பின்’ என்பது தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள்படாது, அவர் பொறுப்பில் இல்லாத நிலையையும் குறிக்கும் என்று விளக்கியது. புதுச்சேரியில் இன்னொரு நுட்பம் உண்டு. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சாதி, மதச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்களும் அவர்கள் வழிவந்தோரும் ‘ரெனோன்சான்’ எனப்படுவர். இந்த 1956ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று அச்சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. இன்று பிரான்சில் நடப்பிலுள்ள சட்டமோ பொதுவாகத் தாய், தந்தை இருவருக்கும் சமமான கூட்டு அதிகாரம் தருகிறது. வீடு மாற்றுவது மற்றவரின் உரிமையைப் பாதித்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும் சொல்கிறது.

சம்மதம் கிடைக்காவிட்டால் குடும்ப நீதிமன்றத்தை நாட வேண்டும். நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அனுமதியின்றிப் பிள்ளையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுசெல்ல 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 26ஆம் பிரிவு தடை செய்கிறது.

சொல்லாமல் அழைத்துச் சென்றுவிட்டால் மீட்பது கடினம். 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, இவ்வாறு கொண்டுசெல்லப்பட்ட 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விரைவாகத் திருப்பி அனுப்ப வழிசெய்கிறது. பிரான்சு அதில் உறுப்பு நாடு, இந்தியா இல்லை. சேரும்படி சட்ட ஆணையம் 2009இல் பரிந்துரைத்தும் இந்தியா சேரவில்லை. ஆகவே புதுச்சேரியில் தவிக்கும் தந்தையோ தாயோ அந்த உடன்படிக்கையைப் பயன்படுத்த முடியாது. அந்தந்த நாட்டு நீதிமன்றத்தில் தனியே வழக்காட வேண்டும். இங்கிலாந்திலிருந்து கோயம்புத்தூருக்குத் தாய் அழைத்துவந்த இரு சிறுமிகளைத் திருப்பி அனுப்ப 2015இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017இல் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு வேறொரு வழக்கில் அந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. வெளிநாட்டு நீதிமன்றம் முதலில் ஆணையிட்டதா என்பதைவிடப் பிள்ளையின் நலனே முதன்மை என்றது.

இத்தனை தாள்களிலும் பிள்ளையின் கையெழுத்துக்கு இடமில்லை. ஆயினும் விவரம் அறிந்து விருப்பம் சொல்லும் வயதில் பிள்ளை இருந்தால் அந்த விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது.